காஸ்ட்ரின் நானூற்றுப் பத்து

ஜூன் 3
அப்பாவின் வயிற்றுப் புண் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்கு முன் சர்ஜன் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்: காஸ்ட்ரின். வயிற்றை அமிலம் சுரக்கச் சொல்லும் ஹார்மோன். எங்கள் உயிரியல் பாடத்தில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. அதைச் சர்ஜனிடம் சொன்னேன்.

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது" என்றார். சிரிக்கவில்லை.

கணையத்தில் சிறு கட்டி ஏதாவது இருந்து காஸ்ட்ரினைக் கொட்டிக்கொண்டே இருந்தால், வயிற்றை மட்டும் வெட்டிப் பயனில்லையாம். அம்மாவுக்குப் புரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா விளக்கினார்: "லிஃப்ட் ஓயாம ஓடுனா உடனே மோட்டாரையா கழட்டுவோம்? எவனாவது பட்டனை அமுக்கிட்டே நிக்கிறானான்னு பாக்க வேண்டாமா?"

இந்தத் தடவை சர்ஜன் சிரித்தார்.

ஜூன் 4
அமிலத்தைக் குறைக்கும் வழக்கமான மாத்திரை ஒரு வாரம் கூடாது. உள்ளே போனால் காஸ்ட்ரின் பொய்யாக ஏறுமாம். அதுவரை வேறொரு லேசான மாத்திரை. நிறுத்திய மாத்திரையின் அட்டையில் பத்து இருந்தன. எண்ணி அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 7
அப்பா தலையணையை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்திருக்கிறார்.
"வலிக்குதாப்பா?"
"எனக்கில்லம்மா. தலையணைக்கு."

ஜூன் 9
வலி குறைந்துவிட்டது. லேசான மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

ஜூன் 11
வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள்.

ஜூன் 16
காஸ்ட்ரின் 410. நூறுக்குள் இருக்க வேண்டுமாம். ஆபரேஷன் தள்ளிவைப்பு. முதலில் கட்டியைத் தேட ஸ்கேன். தேவைப்பட்டால் கணையத்திலும் கத்தி. அப்பா வீட்டுக்கு வந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

அலமாரியில் வைத்த பழைய மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு.

"நான் தொடவே இல்லம்மா" என்றார் அப்பா.

அடுப்பைப் பார்த்தபடியே அம்மா மெதுவாகச் சொன்னாள்: "பால்ல பொடிச்சுப் போட்டேன். மனுஷன் துடிக்கிறதை எத்தனை நாள்டி பாத்துட்டு நிக்கிறது? டாக்டர்கிட்ட சொல்லிடாத. மானம் போயிடும்."

பட்டனை அமுக்கியது அம்மா.

ஜூன் 17
சொல்லாம விட்டா? இல்லாத கட்டியைத் தேடி அப்பாவை அறுத்துடுவாங்களே. சொன்னா — அம்மா? நான் எதுக்கு அதை எண்ணித் தொலைச்சேன்?

ஜூன் 18
சொல்லிவிட்டேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்ஜன் திட்டவில்லை. "எத்தனை?" என்றார். "நாலு" என்றேன். எழுதிக்கொண்டார்.

"மறுபடி ஒரு வாரம் நிறுத்தணும். பால் யார் குடுப்பா?"
"நான்."

ஜூலை 1
72. கட்டிக்கான அறிகுறி எதுவும் இல்லை. பழையபடி வயிற்றில் மட்டும் ஆபரேஷன். அம்மா கேட்டுத் தலையாட்டினாள். என்னைப் பார்த்து அல்ல.

ஜூலை 28
ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்து நான்கு நாள். இன்று அம்மா பால் கொண்டுவந்து வைத்தாள். அப்பா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "முதல்ல நீ குடி."

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீயும் குடிச்சுப் பாருடி. நாளைக்கு எண்ணிட்டு வந்து நிப்ப."

ஜூன் 18க்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. 'சாப்பிட வா'வைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குடித்தேன். வெறும் பால்தான்.