என் கிரிப்பில் அரம் வைக்காதீர்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மரமேறும் போட்டி முடியும்வரை போனை அணைத்து வைத்துவிட்டீர்கள், அதனால் நாளைக் காலை அங்கே வந்து சேரும் உங்கள் சிநேகிதன் ஒட்டடையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாயால் சொல்லியனுப்பினால் அவன் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சிரிப்பாக்கிவிடுவான். கடைசிச் சுற்றுக்கு மரத்தடியில் போய் நிற்பதற்குள் முழுவதும் படித்துவிடுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான். உங்கள் அம்மா சுகம். எனக்குத் தலைவாரி, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, சாப்பாடும் ஊட்டிவிடுகிறார். ஊட்டும்போதெல்லாம் அந்த மரத்தைத் திட்டுகிறார். திட்ட வேண்டியது மரத்தை அல்ல என்று நான் இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் காய்ந்த கிளை வெட்டும் வேலை. நம் கயிற்றுக் கிரிப் இரண்டில் ஒன்றுதான் கொக்கியில் தொங்கியது. அதில் நான் வைத்த மஞ்சள் நெயில் பாலிஷ் பொட்டு இல்லை. கிளம்புகிற அவசரத்தில் நீங்கள் என்னுடையதை எடுத்துப் போய்விட்டீர்கள், உங்களுடையதை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை, எதை மாட்டினால் என்ன? ஒற்றைக் கயிற்றில் மேலே தள்ளினால் ஏறும், உடம்பை விட்டுத் தொங்கினால் கவ்விக்கொள்ளும். அதை நம்பித்தானே இரண்டு கையையும் விட்டுவிட்டு ரம்பம் பிடிக்கிறோம்.

தூறலில் கயிறு நனைந்திருந்தது. சாய்ந்து உட்கார்ந்தேன். கிரிப் பிடிக்கவே இல்லை. உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு கயிறு ஓடியது, கீழே இருந்த கிளைக் கவட்டையில் போய் விழுந்தேன். அந்தக் கவட்டை இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

அன்று மாலை நீங்கள் போன் செய்தீர்கள். போட்டி நேரத்தில் உங்கள் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று நான் விழுந்ததைச் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே, கிரிப் ஏன் இவ்வளவு இறுக்கமா ஓடுது, நீ ஏதாவது நோண்டினியா என்று கேட்டீர்கள். நான் நோண்டவில்லை என்றேன். சரி விடு, நானே பார்த்துக்கறேன், போட்டி முடியறவரை போனை அணைச்சு வைக்கறேன் என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. விழுந்த கிரிப்பை விளக்கடியில் கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். கயிற்றைக் கவ்வுகிற இடம் முழுக்க அரம் போட்டு இழைத்திருந்தது. நாம் ரம்பத்துப் பல்லைத் தீட்டுகிற அதே அரம், அதே சாய்வு. உங்கள் கைவேலை எனக்குத் தெரியாதா?

வேகமாக ஓட வேண்டும் என்று தேய்த்தீர்கள். போட்டிக்கு முன் கருவிகளைப் பார்க்கும் சோதனை மேசையில் உள்ளே திறந்து பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். போன வருடம் மரத்து உச்சியில் கட்டிய மணியை முதல் ஆளாக அடித்தீர்களே, அதுவும் இப்படித்தானா? கை வலிக்க வலிக்கக் கைதட்டினேனே, பைத்தியக்காரி.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். போட்டியில் பின்னால் இன்னொரு கயிறு கட்டி ஆள் பிடித்திருப்பான், வழுக்கினாலும் ஒன்றும் ஆகாது என்பீர்கள். எனக்கு யார் பிடித்திருந்தார்கள்? தேய்த்ததைத் தேய்க்காததோடு ஒரே கொக்கியில் மாட்டி வைக்க எப்படி மனசு வந்தது? ஒரு வார்த்தை, இதைத் தொடாதே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வலித்ததா? சொன்னால் ஏன் என்று கேட்பேன், அதுதானே பயம்! உங்கள் பயத்துக்கு என் கை போயிருக்கிறது. தவிர, கடைசிச் சுற்று மரத்தில் உங்களுக்கும் அந்த இரண்டாவது கயிறு கிடையாது. அதை மறந்துவிட்டீர்களா, அல்லது நினைவிருந்தும் தேய்க்கிறீர்களா?

நானே பார்த்துக்கறேன் என்றீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரிகிறது. உங்கள் பையில் அரம் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது என்னுடைய கிரிப். பொட்டு பின்பக்கம் இருக்கிறது, திருப்பிப் பாருங்கள். அதில் அரம் வைக்காதீர்கள். இதற்குள் வைத்துவிட்டீர்கள் என்றால், அதைச் சோதனை மேசையில் நீங்களே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நான் ஏறவில்லை என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒட்டடை தரும் பொட்டலத்தில் இருப்பது உங்கள் கிரிப்தான். இனி யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அவனிடம் சொல்லிச் சுத்தியலால் நசுக்க வைத்தேன். என்ன விஷயம் என்று அவன் கேட்டான். பழசாகிவிட்டது என்றேன். உங்களுக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது. அம்மாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கட்டுப் பிரித்ததும் நான் மறுபடி மரம் ஏறுவேன். அதற்கு என் கிரிப் எனக்கு வேண்டும், எடுத்தது எடுத்தபடி.

தேய்க்காமல் இருந்தால், அதிலேயே ஏறுங்கள். மெதுவாக ஏறுங்கள். கடைசி ஆளாக வாருங்கள். நீங்கள் மணி அடித்தால் அந்தச் சேதியை எனக்கு ஆயிரம் பேர் சொல்வார்கள். கீழே வந்து கால் தரையில் பட்டதும் போனைப் போட்டு, இறங்கிவிட்டேன் என்று நீங்கள் சொல்லுங்கள். உங்கள் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அதைக் கேட்கும்வரை நான் சாப்பிட மாட்டேன்.

இப்படிக்கு,
இடது கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உங்கள் மனைவி