அண்ணி வீட்டு உப்பு டப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நீ நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை கூசுகிறது. உன் அம்மா சுகம், என்னைத் திட்டும் குரலில் ஒரு பழுதும் இல்லை. பெரியப்பா ஆஸ்பத்திரியில் தேறிவிட்டார், நாளை வீட்டுக்கு வருகிறார், பயப்படாதே. அவரை அங்கே அனுப்பிவைத்த மகானுபாவன் யார் என்று போனில் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே எழுதிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருப்பது உனக்குத் தெரியும். ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். சப்பென்ற சாப்பாட்டைப் பார்த்து அவர் முகம் சுருங்கியதும், உன் அப்பாவுக்குள் இருந்த விஞ்ஞானி துள்ளி எழுந்துவிட்டான். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, குறைத்த சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்தது, அதை வாங்கிப்போய்ப் பெரியம்மாவின் உப்பு டப்பாவில் நானே கொட்டினேன். இது உடம்புக்கு நல்ல உப்பு, தாராளமாகப் போடுங்கள் அண்ணி என்று உபதேசம் வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. லேபிளைப் படிக்காமல் பாட்டிலைத் தொடாதே என்று கல்லூரி ஆய்வகத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்.

போன வாரம் ஒரு காலையில் பெரியப்பா கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார், நாடி மந்தம். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கம், தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியவில்லை என்றார் டாக்டரம்மா. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, தினமும் பழச்சாறு கொடுத்தேன் என்றாள் பெரியம்மா, அதிலும் பொட்டாசியம்தானே, சிறுநீரகக்காரருக்கு யாரம்மா அதைக் கொடுப்பது என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கூடிய சொந்தக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். செல்லுக்குள்ளே பொட்டாசியம் நெரிசல், வெளியே சோடியமும் குளோரைடும் நெரிசல், ஒவ்வொன்றும் செல்லின் மின்னழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்கும், ஆனால் யார் இழுப்பு எடுபடும் என்று தீர்மானிப்பது செல்லைச் சுற்றிய சவ்வு, யாருக்கு எவ்வளவு வழி விடுகிறதோ அவருக்கு அவ்வளவு செல்வாக்கு என்றேன். கல்யாணப் பேச்சில் மாமா வாசலில் நின்று எவ்வளவு கத்தினாலும், சமையலறை வரை போய்வருகிற அத்தை முணுமுணுத்ததுதானே நடக்கிறது, அப்படி என்றேன். சிரித்தார்கள். ஓய்வில் இருக்கும் சவ்வு பொட்டாசியத்துக்குத்தான் கதவைத் திறந்து வைத்திருக்கும், சோடியத்துக்கு ஜன்னல் இடுக்குதான், அதனால் வெளியே சோடியம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஓய்வு மின்னழுத்தம் அவ்வளவாக அசையாது, பொட்டாசியம் கொஞ்சம் ஏறினாலே அது நிலை தவறி இதயம் தடுமாறும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைக் கூட்டிய புத்திசாலி யார் என்பது எனக்கு உறைத்தது. வாய் நிற்கவில்லையடி. பாடத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். வாத்தியார் வாத்தியார்தான் என்றார் உன் சித்தப்பா. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் குடுத்த ஜூஸாலதானா தம்பி?" என்று கேட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

டாக்டரம்மா கால்சியம் ஊசியால் இதயத்தைத் தாங்கிப் பிடித்து, இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் திரும்ப விரட்டினார். ஆனால் வீட்டில் அந்த டப்பா அப்படியே இருக்கிறதே. பெரியப்பா திரும்பி வந்தால் மறுபடியும் அதே உப்பு. ஒருவருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று இன்று மத்தியானம் மாற்றுச் சாவியோடு போனேன். பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்று கணக்கு. அவளோ குளிக்க வந்திருக்கிறாள். டப்பாவும் கையுமாக நின்றேன்.

"கேட்டா குடுக்க மாட்டேனா தம்பி, உப்பையா திருடறது?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் எடுக்கிற குரலில் இல்லை. அவள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "அவர நானே கொன்னுட்டேன்னு நெனச்சு இத்தனை ராத்திரியும் கண்ண மூடல. நீங்க தூங்குனீங்களா?" என்று கேட்டாள்.

தூங்கினேன் அண்ணி என்றேன். நன்றாகத்தான் தூங்கியிருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். தாழ்வாரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் சித்தப்பா பாக்கி. நீ முதலில் பெரியம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு, நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இரு கண்ணு.

தலை குனிந்து,
உன் அப்பா