நான் மீறிய வாக்கு

அன்பு மகன் அஹ்ஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் தங்கச்சி நஸீஹாவும் நலம். கட்டார் வெயிலில் நீயும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே கதைப்பாய். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து திரும்புகிற ஸுஹைரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. காற்றுக்கு முற்றத்து முருங்கை முறிந்தது, வீட்டுக்குச் சேதமில்லை.

இனி விசயம். தர்க்கம் பழக்குகிற அந்த அளவையியல் பாடத்தைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து நஸீஹா எதிர்க்கதை கதைக்கிறாள், வேறு பாடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றாய். வாப்பா மவுத்தான பிறகு வீட்டில் நீ சொல்வதுதான் முடிவு. நானும் வாக்குக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சொல்லாமல் பள்ளிக்கூடம் போனேன்.

அளவையியல் வகுப்பில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள்தான் கதைத்தார்கள். சிவதர்சினி ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்கோ, இருங்கோ. ஆனா இந்த வகுப்பில இருக்கிற எல்லாரும் ஒரு கேள்வி கேக்கவேணும்" என்றார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து புத்தளம் போனதோடு படிப்பு நின்றவள் நான். மனதில் கிடந்ததையே கேட்டேன்: "ஒருத்தருக்குக் குடுத்த வாக்கை மீறலாமா?"

முதலில் எழும்பியது உன் தங்கச்சி. "மீறக்கூடாது. மீறினா பிறகு ஆரும் ஆரையும் நம்பேலாது" என்றாள். அது தன்னைப் பற்றிய வாக்கு என்று அவளுக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உயிர் போகிற நேரமென்றால் மீறலாம் என்றான் பிரதீபன் என்ற மாணவன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. பிறகு லக்சிகா என்ற பிள்ளை, "அந்த வாக்கு இன்னொரு ஆளைப் பற்றினது எண்டா? அந்த ஆளிட்டக் கேக்காமலே குடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

நஸீஹா கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு, "அப்ப நான் சொன்னது பிழை. முடிவை மாத்துறன்" என்றாள்.

மகன், முப்பது பேருக்கு முன்னால் முகம் வாடாமல் சொன்னாள். எங்கள் வீட்டில் வாப்பாவும் அப்படிச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அடுத்தவள் சொன்னதைக் கேட்டுத் தன் கதையைத் திருத்துகிற பிள்ளையை எதிர்க்கதைக்காரி என்று எப்படிச் சொல்வது?

என்ன அலுவலாக வந்தீர்கள் என்று ரீச்சர் கேட்டார். "சும்மா வகுப்பைப் பாத்திட்டுப் போக வந்தனான்" என்றேன். உனக்குத் தந்த வாக்கை அந்த இடத்திலேயே மீறிவிட்டேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த நம் தெருப் பேச்சியம்மா, வீட்டில் என்ன விசேசம் என்று கேட்கிற அளவுக்குச் சிரித்துக்கொண்டு வந்தேன். ரீச்சர் அடுத்த செவ்வாயும் வரச் சொல்லியிருக்கிறார். போகத்தான் போகிறேன்.

கோபிக்காதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போன் எடுக்கும்போது, என்ன படிக்க விருப்பம் என்று அவளிடமே கேள். கட்டார் போக விருப்பமா என்று, அனுப்பிவைத்த அன்றைக்கு உன்னிடமும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன விருப்பம், மகன்? ஆறுதலாக யோசித்து எனக்கு எழுது. எந்தப் பதிலானாலும் கேட்க நான் இருக்கிறேன்.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் உம்மா,
சரீபா