அம்மாவை நடுவில் கொண்டுவந்த விதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் வீட்டில் அவரும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட அம்மா படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுருட்டி, அதோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, பாருங்கள்.

டிக்கெட் எப்போது போடட்டும் என்று கேட்டிருந்தீர்கள். அம்மா போன பிறகு, தனியாகக் கிடக்காதே, எங்களோடு வந்து இரு என்று நீங்கள் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாஸ்போர்ட் கைக்கு வந்தாயிற்று. வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவிலும் சொல்லிவைத்தேன். முதலாளி, "போம்மா, அங்க போயாவது நாலு மனுஷங்க மூஞ்சிய நேர்ல பாரு" என்றார். எங்கள் எடிட்டிங் அறைக்கு இருந்த ஒரே ஜன்னலையும், திரையில் நிறம் மாறித் தெரிகிறது என்று கறுப்புத் தாள் ஒட்டி அடைத்தவர் அவர்தான். சரி, டிக்கெட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் படம்.

அம்மா நாற்காலியில், அவள் பின்னால் நேராக நீங்கள், பார்க்கிறவர்களுக்கு வலப்பக்கம் அண்ணி, இடப்பக்கம் நான். அண்ணி என்று நான் எழுதினால் அது இந்தப் படத்தில் நிற்பவர்தான். இப்போது உங்களோடு இருப்பவரை அப்படிக் கூப்பிட என் வாய்க்கு இன்னும் பழகவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்த படம் அது ஒன்றுதான். அதனால் அதுவேதான் வேண்டும், ஆனால் அண்ணி வேண்டாம் என்றீர்கள். நியாயம்தான். புது வீட்டுச் சுவரில் பழைய மனைவியை யார் மாட்டுவார்கள்?

வலப்பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். உடனே போன். "அம்மா என்ன இப்படி ஓரத்துல ஒதுங்கி உக்காந்திருக்கா? நடுவுல கொண்டு வா. சுத்தி வெள்ளை பார்டர் வை, நாலு பக்கமும் ஒரே அளவா இருக்கணும்" என்றீர்கள்.

பார்டர் பெரிய வேலையே இல்லை. அளவைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே நாலு பக்கமும் பிசகாமல் போட்டுவிடும். நடுவில் கொண்டுவருவதில்தான் சங்கடம். நடு என்பது ஸ்கேலில் இல்லை, மூக்கில் இருக்கிறது என்பார் முதலாளி. அம்மாவின் மூக்கு வழியாக ஒரு கோட்டை இறக்கினேன். ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு ஓர் ஓரத்தை உள்ளே இழுத்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஓரமும் அதே அளவு தானாக உள்ளே வரும். அண்ணி போகிற அளவுக்கு வலது ஓரத்தை இழுத்தால் இடப்பக்கத்திலும் ஒரு ஆள் அகலம் போகிறது. அதைத்தான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போனா போகட்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றீர்கள்.

ஒன்றும் இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? ஏதோ அவசரத்தில் கேட்கிறீர்கள், படத்தைப் பார்த்தால் உங்களுக்கே உறைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பார்த்து அண்ணி கடைக்கு வந்தார். புது வேலைக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமாம். வெட்டுகிற கட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் திரையில் மங்கலாகிவிடும். மங்கலில் நிற்கும் தன்னைப் பார்த்துவிட்டு, "என்ன, என்னைக் கழிச்சுக் கட்டியாச்சா?" என்று சிரித்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஏய், உன்னையுமா? நீ என்னடி பண்ணினே?" என்றார். அம்மா நடுவில் வரவேண்டுமாம் என்றேன். என் தலையில் கையை வைத்தார். "விடு. அப்ப ஆளுக்கொரு பக்கமா நின்னோம், இப்ப ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஆயிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெட்டிய பிறகும் அம்மாவின் தோளில் அண்ணியின் விரல்கள் மிச்சம் இருந்தன. அதையும் நீங்கள் விடவில்லை, "தோள்ல ஏதோ ஒட்டிட்டு இருக்கே, எடுத்துடு" என்றீர்கள். எடுத்தேன். உங்களை விட்டுப் பிரிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட விரல்கள் அண்ணா அவை. பக்கத்திலிருந்த துணியைக் கொண்டுவந்து மூடினேன். சுவடே தெரியாது. என் வேலை அவ்வளவு சுத்தம்.

அனுப்பியதும் பதில் போட்டீர்கள்: "சூப்பர். இப்பதான் அம்சமா இருக்கு. அம்மாவும் நானும் மட்டும்." அப்புறம் போனின் முகப்பில் வைத்தீர்கள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினீர்கள், பெரிய பிரிண்ட் கேட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் இப்போதாவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். அண்ணி பார்த்த மாத்திரத்தில் கேட்டதை என் கூடப்பிறந்தவர் கேட்கவே இல்லை.

டிக்கெட் போட வேண்டாம், அண்ணா. கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கோபம்தான். அங்கே வந்தால் எனக்கு ஒரு அறை கொடுப்பீர்கள், சோறு போடுவீர்கள், நானும் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு ஓர் ஓரமாக இருப்பேன். ஓரத்தில் நிற்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் நாளைக்கு வேறு எதையாவது நடுவில் வைக்க வேண்டி வரும், அப்போதும் அந்தப் பக்கம் என்ன இருக்கு என்பீர்கள். இன்னொரு தடவை ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. இங்கேயே இருந்துகொள்கிறேன்.

படத்தை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். உற்றுப் பார்த்தால் தெரியும், அம்மாவின் கண் கேமராவில் இல்லை, இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது ஒருநாள் கேட்பார்கள், உங்க அம்மா யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாங்க என்று. அப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். எல்லோரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை