அவனோடு நானும் இருக்கும் படம்

ஜனவரி 8, புதன்

காலை முழுக்கப் பனிமூட்டம். துபாயில் கராமாவிலிருந்து அல் கூஸ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பஸ் கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. அச்சகத்தில் மேனேஜர் முகம் சுளித்தார். அவரும் பிந்தித்தான் வந்தார்.

மூன்று வேலை. மருந்துக் கடை போர்டு. பிரியாணிக் கடை மெனு. இலங்கைத் தமிழர் சங்கம் ஒன்றின் பொங்கல் விழா பேனர், பதினாறடிக்கு எட்டடி. பிரதம விருந்தினர் படம் மின்னஞ்சலில்.

திறந்தேன். வ.

முழுப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கொப்பியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இருந்தாலும்.

அவனைப் பார்த்துப் பதினொரு வருடம். முன்மயிர் போய்விட்டது. நெற்றியில் சந்தனப் பொட்டு. "கண்ணுக்குக் கீழே உள்ள கருமையை எடுத்துவிடவும்" என்று குறிப்பு. எடுத்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரை முழுக்க அவன் கண். மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜனவரி 9, வியாழன்

வாங்க: முட்டை, சவர்க்காரம், போன் ரீசார்ஜ்.

எழுதினால்தான் தலை தெளியும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறை. நானும் வ.வும் இரண்டு வருடம். கீழ்வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் சேர்ந்து படிக்கிற நண்பர்கள். பிறகு அவனுக்குக் கலியாணம் பேசினார்கள், கட்சியிலும் இடம் வந்தது. சண்டைகூடப் பிடிக்கவில்லை. நான் விசா எடுத்து இங்கே வந்துவிட்டேன்.

இப்போது அவன் எம்.பி. எங்களைப் போன்றவர்களைச் சிறையில் போடும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை நீக்க ஒரு சட்டமூலம் வந்திருக்கிறது. சபையில் அதை எதிர்த்து அதிகம் பேசுகிறவன் அவன்தான்.

சாப்பாட்டு நேரம் பாலமுருகன் போனை நீட்டினான். என் அறைத் தோழன், சிவகங்கைப் பக்கம், ஏ.சி. மெக்கானிக். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பவன்.

"அண்ணே, ஒங்க ஊரு எம்.பி.யாமே. என்னா பேச்சு! இது வெளிநாட்டுல இருந்து வந்த நோயி, பள்ளிக்கூடத்துக்குள்ளயே புகுந்திருச்சுங்கிறாரு. கரெக்டுதானண்ணே?"

"தெரியேல்லை."

"என்னண்ணே, நம்மாளு. பெருமையா சொல்லுங்க."

நாலு கட்டில் அறை. அழ இடமில்லை. குளியலறைக்கு வெளியே எப்போதும் ஒருவன் துவாயோடு நிற்பான்.

ஜனவரி 11, சனி

கொழும்பிலிருந்து தர்ஷினி போன் எடுத்தாள். சட்டத்தரணி, அந்தச் சட்டமூலத்துக்காக ஓடித் திரிகிறவள். என்னையும் வ.வையும் பற்றித் தெரிந்த ஒரே ஆள்.

வ. "பள்ளிக்கூடத்துக்குள்ளேயே" என்றது யாரை என்று சொன்னாள். கிருபா என்று ஒரு சித்திர ஆசிரியர். வ. ஊரைச் சொன்னான், பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊரில் சித்திர ஆசிரியர் ஒருவர்தான். மறுவாரம் அவர் வீட்டு வாசலில் ஆட்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிவு. வேலை போய்விட்டது. பிள்ளைகள் எவரையும் தொட்டதாக ஒரு முறைப்பாடும் கிடையாது. ஓர் ஆண் நண்பர் வீட்டுக்கு வந்து தங்கிப் போனார், அவ்வளவுதான்.

"அருள், நேரா கேட்கிறன். உன்னட்ட இருக்கிற, நீங்கள் ரெண்டு பேரும் நிக்கிற படத்தைத் தருவியா?"

"ஆரையும் அவையின்ர விருப்பம் இல்லாமல் காட்டிக் குடுக்கக் கூடாது எண்டு நீதானே சொல்லுறனி."

"இப்பவும் சொல்லுறன். ஒளிஞ்சிருக்கிறவனை ஒளிஞ்சிருக்க விடவேணும். ஆனா இவன் ஒளிஞ்சிருந்து கல்லெறியிறான். அப்பிடிப்பட்டவனுக்கும் அந்த உரிமை இருக்கோ?"

அவள் பக்கம் குக்கர் விசிலடித்தது. அதை நிறுத்தப் போனாள்.

ஜனவரி 12, ஞாயிறு

லீவு. சூட்கேஸின் அடியில் பழைய மெமரி கார்டு. அதில் ஒரே படம். மாடி அறை, என் தலை அவன் தோளில், அவன் உதடு என் நெற்றியில். கமராவை அலுமாரி மேல் வைத்துவிட்டு ஓடி வந்து எடுத்தது.

கொடுக்கலாம் என்பதற்கு: கிருபாவின் கை. வ. இன்னும் பேசப் போகிறான்.

கூடாது என்பதற்கு: அவன் மனைவி. இரண்டு பெண் பிள்ளைகள். ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று நான் சொன்னது. அவன் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

இன்னொன்று. அவனை அசிங்கப்படுத்த என்ன சொல்லை எடுப்பார்களோ, அது என்னுடைய சொல்லும்தான். பாலமுருகன் அதே போனை அதே சிரிப்போடு எனக்கு நீட்டுவான்.

உடுப்புத் தோய்த்தேன். இதற்கு மேல் மூளை ஓடவில்லை.

ஜனவரி 13, திங்கள்

மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு கார்டை அச்சகக் கணினியில் போட்டேன். படத்திலிருந்து என்னை வெட்டி எடுத்தேன். பத்து நிமிட வேலை. சுத்தமாக வந்தது. பார்த்தால், ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு காற்றை முத்தமிடுகிறான். அதை வைத்து யார் எதை நம்புவார்கள்?

என் முகத்தை மட்டும் மங்கலாக்கிப் பார்த்தேன். முகமில்லாத ஒருவன், பெயரும் முகமும் உள்ள ஒருவன். அவன் மட்டும் அடி வாங்க வேண்டும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கிருபாவின் வாசலில் நின்றவர்களும் அப்படித்தான் கூட்டத்துக்குள் நின்றிருப்பார்கள்.

இரண்டையும் அழித்தேன். மேனேஜர் உள்ளே வந்து, முடிந்ததா என்று மலையாளத்தில் கேட்டார். "அருளே, பொங்கல் பேனர் கழிஞ்ஞோ?"

"கழிஞ்சு சேட்டா."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலை உண்டு. பாலமுருகன் விடிய எழும்பி ரைஸ் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தான், எனக்கு முந்திரி கூடப் போட்டு. நல்லாயிருந்தது. நல்லாயிருந்தது என்பதே எரிச்சல்.

ஜனவரி 19, ஞாயிறு

சங்கத்தின் பொங்கல் விழா. பேனர் கட்டுகிறவருக்குக் காய்ச்சல், மேனேஜர் என்னை அனுப்பினார். நானாகக் கேட்டுப் போனேன் என்பதுதான் உண்மை.

மேடைக்குப் பின்னால் விருந்தினர் அறை. வ. தனியே, தேநீர்க் கோப்பையோடு. என்னைக் கண்டதும் எழும்பினான்.

"ஆர் நீங்கள்?"

"பேனர் கட்ட வந்தனான்."

போய்க் கதவைச் சாத்தினான். பிறகுதான் குரல் மாறியது. "அருள். ஏன் வந்தனி?"

"அடுத்த மாசம் வாக்கெடுப்பு. அண்டைக்குச் சபைக்குப் போகாதை. இனி இதைப் பற்றிப் பேசாதை. அவ்வளவுதான்."

"போனால்?"

"அந்தப் படம் என்னட்ட இருக்கு."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அது மிரட்டல். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், இல்லை.

அவன் கத்தவில்லை. "மற்றக் கட்சிக்காரர் இப்பவே என்னைப் பற்றிக் குசுகுசுக்கினம். நான் இப்பிடிப் பேசிறபடியாத்தான் வாயைத் திறக்கேலாமல் இருக்கினம். பேச்சை நிப்பாட்டினால் அடுத்த நாள் எனக்கு என்ன நடக்கும் தெரியுமே?"

"அதுக்கு ஒரு வாத்தியாரின்ர கையை உடைக்கிறதோ?"

"எந்த வாத்தியார்?"

நடிக்கவில்லை. தெரிந்திருக்கவில்லை. ஊரைச் சொன்னேன்.

"ஓ, அதுவோ. பேச்சு எழுதித் தந்த பெடியன் சேர்த்தது."

"அவருக்குக் கிருபா எண்டு பேர்."

கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "இது துபாய், அருள். அந்தப் படத்தில நான் மட்டும் இல்லை. வெளியில நிக்கிற சங்கத் தலைவரிட்ட நான் ஒரு சொல்லுச் சொன்னால் நாளைக்கு நீ எங்க இருப்பாய்? என்னை அதைச் செய்ய வைக்காதை."

கடைசி வசனத்தில் அவன் கண் கலங்கியிருந்தது. அதற்காகவே இன்னும் வெறுத்தேன். கதவைத் தட்டினார்கள். ஒரு நொடியில் சிரிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போனான்.

உழவர் பெருமை பற்றி நாற்பது நிமிடம் பேசினான். கைதட்டல். நான் ஏணியை மடித்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

ஒன்றும் நடக்கவில்லை. அச்சகக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தேன். கழுத்து நோ.

ஜனவரி 22, புதன்

கிருபாவோடு பேசினேன். தர்ஷினி இணைத்துவிட்டாள். மெல்லிய குரல். வெளியூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறார்.

"அண்ணா, அவருக்கும் என்னைப் போல நடந்தால் எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கும். அதை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு."

"அப்ப படத்தை வெளியில விட வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?"

"அப்பிடியும் சொல்லேலாது. அவர் திரும்பவும் பேசினால் இன்னொரு ஆளின்ர வாசலுக்குப் போவினம். ஆனா ஒண்டு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்காமல் என்னைப் பற்றிக் கதைச்சவை. எனக்காக எண்டு சொல்லி இதைச் செய்யாதேங்கோ. செய்தால் உங்கடை பேரில செய்யுங்கோ."

இடது கையால் படம் கீறப் பழகுகிறாராம். வட்டம் வட்டமாக வரவில்லையாம்.

ஜனவரி 25, சனி

முடிவு. வெட்டாத படம். என் பெயரோடு. இங்கிருந்து வெளியேறிய பிறகு.

அவன் இரண்டு வருடம் யாரோடு இருந்தான் என்று சொல்லும் உரிமை எனக்கில்லாமல் இருக்கலாம். நான் யாரோடு இருந்தேன் என்று சொல்லலாமா? இதுவும் ஒரு தந்திரம்தானோ? தர்ஷினியைக் கேட்டேன். "தெரியாது அருள். எனக்கும் நித்திரை இல்லை" என்றாள்.

ஜனவரி 27, திங்கள்

ராஜினாமாக் கடிதம். மேனேஜருக்கு அதிர்ச்சி. விசா கேன்சல் இரண்டு வாரமாம்.

பாலமுருகன்: "என்னண்ணே திடீர்னு? கல்யாணமா?"

"இல்லை. ஒரு அலுவல்."

அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். காலை நீட்டிக்கொண்டு என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

வேறு ஆட்கள் வாயால் கேட்க முதல் அக்காவுக்கு நானே சொல்ல வேண்டும். வேலை முடிந்து, அச்சகத்துக்குப் பின்னால், லொறிகளுக்கு நடுவில் நின்று போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா?"

"நிக்கிறன்."

"ஏதாவது சொல்லுங்கோ."

"எனக்கு எப்பவோ தெரியும். நீ சொல்லாட்டில் தெரியாத மாதிரி இருந்திருப்பன்." பிறகு, "பெரியவளுக்குச் சித்திரையில கலியாணம் வைச்சிருக்கு. அது முடியுமட்டும் இந்தப் பக்கம் வராதை, தம்பி. பேப்பரில எங்கடை ஊர்ப் பேரும் வர வேண்டாம்."

"சரியக்கா."

"சாப்பிட்டியே?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

பெப்ரவரி 15, சனி

கொழும்பு. புழுக்கம். தர்ஷினியின் அலுவலகம், இரண்டாம் மாடி. வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். சட்டம் இன்னும் இருக்கிறது. என் முதல் வரியே என்மேல் வழக்குப் போடப் போதும் என்று வாசித்துக் காட்டினாள். கிருபாவின் பெயர் இல்லை. வ.வின் மனைவி, பிள்ளைகள் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"கடைசியாக் கேக்கிறன். இப்பவும் விடலாம்."

கையெழுத்துப் போட்டேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

படமும் வாக்குமூலமும் நேற்று வெளியாகின.

நடந்தவை: வ. மறுத்துவிட்டான். "படம் வெட்டி ஒட்டுறதுதான் அந்த ஆளின்ர தொழில், துபாயில விசாரிச்சுப் பாருங்கோ" என்றான். மற்றக் கட்சிக்காரர் அவனுக்குச் சேலை கட்டிப் படம் போட்டார்கள். அதைப் பகிர வேண்டாம் என்று தர்ஷினி பகல் முழுக்க ஒவ்வொருவராகக் கெஞ்சினாள். வாக்கெடுப்புத் தள்ளிப் போய்விட்டது, திகதி சொல்லவில்லை. கிருபாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

என்னைப் பற்றி எழுதியதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். அவனைப் பற்றியதை அநேகமாக ஒருவரும் நம்பவில்லை.

பாலமுருகன் வட்ஸ்அப்பில்: "அண்ணே நெசமா?" நிஜம் என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடு. பிறகு அவன் படம் காணாமல் போனது. தடுத்துவிட்டான்.

பெப்ரவரி 20, வியாழன்

மழை. பொலிஸ் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறது. தர்ஷினி கூட வருவாள். கொண்டு போக: அடையாள அட்டை, பாஸ்போர்ட் பிரதி, பிரஷர் மாத்திரை.

பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி. தர்ஷினி எடுத்தாள். முகம் மாறி என்னிடம் நீட்டினாள்.

"வ.வின்ர மனுசி."

திட்டு வாங்கத் தயாராகத்தான் காதில் வைத்தேன்.

"நான் சண்டை பிடிக்க எடுக்கேல்லை" என்றார். பின்னால் ஒரு பிள்ளை பாடம் வாசிக்கும் சத்தம். "ஒண்டு மட்டும் கேக்கிறன். பொய் சொல்லாமல் சொல்லுங்கோ. அந்தப் படம் உண்மையே?"

ஒன்றரைப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு சொல்கூட எழுதவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"ஓம்" என்றேன்.

பிள்ளை வாசிப்பதை நிறுத்தியிருந்தது.

"பத்து வருசம்" என்றார். "பத்து வருசமா, இவர் என்னோட ஒட்டாததுக்கு என்னிலதான் ஏதோ பிழை எண்டு டொக்டரிட்டப் போய் மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறன்."

நான் ஏதோ சொல்லத் தொடங்க முதல் வைத்துவிட்டார்.