கட்டிலுக்கு அடியில் இருந்த கெட்டில்

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகன் சேகர், மருமகள் வசந்தா, பேத்தி காவ்யா, அவளுடைய ஹாஸ்டல் தோழி நந்தினி.

காவ்யாவை ஹாஸ்டலை விட்டு அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. அறையில் கெட்டில் வைத்திருந்தது குற்றமாம். மெஸ் சோறு இறங்காத பிள்ளை. நான்தான் ரவையை வறுத்து, தாளித்துக் கொட்டி, டப்பாவில் கொடுத்தனுப்பினேன். கெட்டிலில் வெந்நீர் வைத்து, அந்த ரவையில் ஊற்றி மூடிவைத்தால் உப்புமா. கெட்டிலை எங்கே ஒளித்திருக்கிறாள் என்பதுவரை பெருமையாகச் சேகரிடம் சொன்னதும் நான்தான்.

அவளுடைய மிச்சத் துணிகளைக் கொண்டுவந்த நந்தினி, சாப்பிடும்போது சொன்னாள்.

"யாரோ வூட்டுலருந்தே போன் பண்ணாங்களாம் ஆயா. வார்டன் நேரா வந்து கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டியத்தான் தொறந்தாங்க."

நான் சேகரைப் பார்த்தேன். அவன் கூசவே இல்லை.

"ஆமாம்மா, நான்தான். சமைக்கறதுக்கு எதுக்கு காலேஜி? கட்டிக்கிட்டுப் போயி சமைக்கட்டும். மாரண்டஹள்ளி மாப்பிள்ள வூட்டுல தையிலயே கல்யாணத்த வெக்கணும்னு கேக்கறாங்க."

காவ்யா தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். வசந்தா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மூன்றாம் வகுப்பில், "அடுப்பு ஊத ஆள் வேணும்" என்று என் சிலேட்டைப் பிடுங்கியவர் என் அண்ணன். அவர் சாவுக்குக்கூட நான் போகவில்லை.

சேகரிடம் சொன்னேன்: "நான் செத்தா நீ கொள்ளி வெக்காதடா. காவ்யா வெக்கட்டும்."

அவன் முகம் செத்துப்போனது. எனக்கு அது போதவில்லை. என் வெறுப்பில் அண்ணனுக்கு வைத்திருந்த இடம் அவர் செத்தபின் காலியாகத்தான் இருந்தது. இனி அதில் நான் பெற்ற சேகர்.