காயாத மயில்

திங்கள், இரவு.

இன்று நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். காஞ்சிபுரம் கண்காட்சிக்காக எவர்சில்வர் டம்ளரில் பாலிமர் களிமண்ணால் மயில் ஒட்டினேன். ஓவனில் சுட்டால்தான் இறுகும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. கைவினை டீச்சரிடம் படித்துக் காட்டினேன்.

"வடகம் இன்னா ஓவன்லயா காயுது? மொட்டமாடில வெச்சிட்டு வாடி, சயின்டிஸ்ட்டு!"

வகுப்பில் எல்லோருடைய டம்ளர்களும் வெயிலில் கிடந்தன. சாயங்காலம் தலைமையாசிரியர் என்னுடையதை எடுத்ததும் மயிலின் கழுத்து அவர் கட்டைவிரலோடு போய்விட்டது.

"இன்னாம்மா, கொழகொழன்னு கீது?"

"இவ ஒழுங்கா காய வெக்கல சார்," என்றார் டீச்சர், கூசாமல்.

என் டம்ளரை ஒதுக்கிவிட்டார்கள். மற்றவை இன்னும் இரண்டு நாள் காய வேண்டுமாம். மழை வந்தால் டீச்சர் குடை பிடிப்பார் போலிருக்கிறது. ஒரு பாக்கெட்டைப் படிக்க மாட்டாதவர், என் ரிப்போர்ட் கார்டில் மட்டும் 'கவனக்குறைவு' என்று எழுதுவார். எழுதட்டும். அம்மா விளக்கை அணைக்க வருகிறாள்.